கட்டுச்சோறும் டெய்லரக்காவின் நோட்டும்

கோபிசெட்டிபாளையத்தில் அந்தச் சந்துக்குள் போய் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'டெய்லரக்கா வீடு' என்றால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். முன்னறையில் தையல் மெஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேஜை, சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒரு நீள நோட்டு. முப்பது வருஷமாக ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் அளவெல்லாம் அந்த மாதிரி நோட்டுகளில்தான் இருக்கிறது.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளின் வளைகாப்பு மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே வீட்டில் நடந்தது. அறுபது பேர். விருந்தைக் குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று டெய்லரக்கா விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படிக்குள் நுழைந்தார். வளையல் அடுக்கும் நேரத்தில் அவர் வடைச்சட்டி முன்னால் நின்றார். கடைசி ஈடு வடையை எடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது ஆரத்தி எடுத்து முடித்து, தட்டை வாசலில் கொட்டப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இது அன்றைக்கு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. மூத்தவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அத்தைமார், சித்திமார், எதிர்வீட்டு அக்கா, ஜாக்கெட் வாங்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட ஒரு பெண், எல்லோரும் இருந்தார்கள். பெற்றவள் இல்லை.

"அதான் இதுல என் கை இருக்குதே" என்று டெய்லரக்கா ஒரு படத்தைக் காட்டினார். பந்தி பரிமாறும் படம். ஓரத்தில் ஒரு வடை வாளியும், அதைப் பிடித்த கையும், கையில் இரண்டு வளையலும் தெரிந்தன. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மூத்தவள் சிரிக்கவில்லை.

இப்போது இளையவளுக்கு ஏழாம் மாதம். கொங்கு நாட்டு வழக்கப்படி பெண் வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். சம்மந்தி வீடு திருப்பூரில் ஒரு மாடிப் போர்ஷன். அறுபது பேர் ஏறி இறங்க முடியாது. "நாங்களே வேன் வெச்சு அங்க வந்தர்றோமுங்க" என்று சம்மந்தியம்மாவே சொல்லிவிட்டார். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் வளையல், பதினொன்றரைக்குப் பந்தி.

"வெளிய சொல்லீட்டாக் கொண்டாந்து எறக்கீட்டுப் போயிருவாங்க" என்றார் வீட்டுக்காரர். தப்பான யோசனை இல்லை. எத்தனையோ வீடுகளில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஆனால் டெய்லரக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வயித்துல புள்ளையோட இருக்கறவளுக்கு ஒரு வாய் என் கையால போடாம, யாரோ எப்பவோ வடிச்ச சோத்தையா போடறது?" என்று மெஷினை ஓங்கி மிதித்தார். மெஷின் சத்தம் பெரிதானால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஓசூரிலிருந்து மூத்தவள் வீடியோ காலில் வந்தாள். "நீயே செய்ம்மா. ஆனா அன்னைக்கு ஒன்பது மணிக்கு மேல நீ அடுப்படியில இருக்கக் கூடாது. அப்படின்னாத்தான் நான் வருவேன்."

"அறுவது பேருக்கு ஒன்பது மணிக்குள்ள எப்படிடி முடியும்?"

"தீபாவளிக்கு முந்தின நாளாம்மா நீ துணி வெட்டறே?"

அதற்கு டெய்லரக்காவிடம் பதில் இல்லை. தீபாவளித் துணிகளை அவர் ஒரு மாதம் முன்பே வெட்டி வைத்துவிடுவார். உடல் தையல் பதினைந்து நாளுக்கு முன்னால். கொக்கி வைப்பதும் கை மடித்து அடிப்பதும்தான் கடைசி இரண்டு நாள்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அமுச்சி, டெய்லரக்காவின் அம்மா, அப்போதுதான் வாயைத் திறந்தார். "கட்டுச்சோறுன்னா என்னன்னு நெனச்சீங்க? முன்னாடியே செஞ்சு மூட்டை கட்டறதுதான் கண்ணு. வண்டி பூட்டிப் போய்ச் சேர்றதுக்குப் பாதி நாளாகும். போன எடத்துல போயி அடுப்பா பத்த வெச்சோம்?"

அன்று ராத்திரி ஆணியில் தொங்கிய நோட்டு கீழே இறங்கியது. நடுப்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டார் டெய்லரக்கா. 'வெட்டு', 'தையல்', 'கொக்கி' என்று தலைப்பு எழுதினார். எதை ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாம், எதை முந்தின நாள், எதை அன்று காலைதான் தொட வேண்டும் என்பதற்கு அவருக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

சோறு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்றார் அமுச்சி. ஏழில் ஆரம்பித்த பேரம் ஐந்தில் நின்றது. சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர். அரிசிக் கணக்கு ஆளுக்குச் சுமார் நூற்றிருபது கிராம். புளிசாதத்துக்கு 2 கிலோ, எலுமிச்சைக்கும் தயிருக்கும் ஒன்றரை ஒன்றரை, தேங்காய்க்கும் பொங்கலுக்கும் ஒவ்வொரு கிலோ. ஆக 7 கிலோ. கலந்த சாதத்துக்குப் புது அரிசி ஆகாது, குழைந்துவிடும். ஒரு வருஷப் பழைய பொன்னி அரிசியாகப் பார்த்து வாங்கினார்கள்.

புளிக்காய்ச்சல் 'வெட்டு' கட்டத்தில் முதல் வரி. விசேஷத்துக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, அமுச்சி முக்காலி போட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டார். 2 கிலோ அரிசிக்குக் கால் கிலோ பழம்புளி. கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துத் திப்பி நீக்கியாயிற்று. இரும்பு வாணலியில் 300 மில்லி நல்லெண்ணெய். கடுகு, கடலைப்பருப்பு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள். கரைசலை ஊற்றிய பிறகு அவசரப்பட ஒன்றுமில்லை. சிறு தீயில் அது பாட்டுக்குக் கொதிக்கும். "எண்ணெய் புளியை விட்டுப்போட்டு மேல வந்து நிக்கோணும். அதுக்கு முன்னாடி எறக்குனா அது குழம்பு" என்றார் அமுச்சி. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் இரண்டு டீஸ்பூன், ஒரு துண்டு வெல்லம். நிலக்கடலையைச் சேர்க்கவில்லை. இப்போதே போட்டால் ஊறிச் சவசவத்துவிடும். அதை வறுத்துத் தனி டப்பாவில் போட்டு, 'ஞாயிறு' என்று சாக்பீஸால் எழுதி வைத்தார்கள்.

ஆறியதும் புளிக்காய்ச்சலை ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் நிரப்பினார்கள். தண்ணீர் சுண்டி, புளிப்பும் உப்பும் எண்ணெயும் மிஞ்சிய பண்டத்தில் கிருமிக்கு வேலை குறைவு. வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் ஈரக் கரண்டி ஒன்று போதும், எல்லாம் கெட்டது. அந்த பாட்டிலை இரண்டு நாளில் நான்கு பேர் திறந்து மோந்து பார்த்ததால், அது பூட்டு உள்ள பீரோவுக்குப் போனது. புடவைகளுக்கு நடுவில் புளிக்காய்ச்சல் பாட்டில். தையல்காரர் வீட்டில் இதெல்லாம் நடக்கும்.

அதே வாரத்தில் கச்சாயமும் அரிசி முறுக்கும் எள்ளுருண்டையும் முடிந்தன. டெய்லரக்காவின் தங்கை, பிள்ளைகளுக்குச் சித்தி, வந்திருந்ததால் அது பேச்சோடு பேச்சாக ஓடிவிட்டது. வடாம் பொரித்துக் காற்றுப் புகாத டின்னில் போட்டாயிற்று. எலுமிச்சை ஊறுகாய் ஏற்கெனவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு சண்டை.

சோற்றையும் சனிக்கிழமை ராத்திரியே வடித்துவிட்டால் காலையில் கிளறினால் போதுமே என்றார் டெய்லரக்கா. அதற்குள் ஓசூரிலிருந்து வந்துவிட்ட மூத்தவள் ஒரே பிடியாக மறுத்தாள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு கொதிக்கிற கொதியிலும் சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகும். அது விடுகிற நச்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிரவைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான்.

"நாங்க தின்னு என்ன செத்தா போனோம்?" என்றார் அமுச்சி.

"வாயும் வயிறுமா இருக்கற புள்ளைக்குப் போடறோம் அமுச்சி."

அமுச்சி வெற்றிலையை மடித்தார். "அப்பச் சோறு மட்டும் அன்னைக்கு வடிச்சுக்கலாம்" என்றார். தோற்ற மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் காலத்துக் கட்டுச்சோற்றிலும் இந்தக் கணக்கு இருந்தது. வழிக்குப் புளிசாதம்தான் போனது, தேங்காய்ச் சாதம் போகவில்லை. போனாலும் முதலில் அதைத்தான் பிரித்துத் தின்றார்கள்.

சனிக்கிழமை 'தையல்' கட்டம். தேங்காய் ஆறு மூடி துருவி ஃப்ரிட்ஜில். பதினைந்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொட்டை நீக்கி அதுவும் ஃப்ரிட்ஜில். எலுமிச்சைச் சாதத்துக்கான தாளிப்பைச் சாறு விடாமல் தனியாகச் செய்து வைத்தார்கள். சாறு அடுப்பிலேயே கொதித்தால் கசக்கும், இறக்கின பிறகுதான் விட வேண்டும். ஒன்றரைக் கிலோ வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டினார்கள். முந்திரி திராட்சையை நெய்யில் வறுத்து மூடினார்கள். அரிசியை ஐந்து பாத்திரத்தில் அளந்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு. உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்ததும், அந்தச் சின்ன ஃப்ரிட்ஜில் இடமில்லை. எதிர்வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜில் கடன் வாங்கினார்கள். டப்பா மேல் 'டெய்லரக்கா வீட்டுது, தொடாதே' என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டுப் பையன் அதைப் படித்துவிட்டு, தொடாமல், மூடியைத் திறந்து மட்டும் பார்த்தானாம்.

வீட்டுக்காரருக்குக் கொடுத்த வேலை இரண்டு. வாழையிலையை நறுக்கி ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைப்பது ஒன்று. கேஸ் சிலிண்டரை எடை பார்ப்பது இன்னொன்று. முழு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. காலி உருளையின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். தராசில் வைத்துக் கழித்துப் பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும். ஒன்றரைக் கிலோகூட இல்லை. மாற்று சிலிண்டர் சாயந்திரமே உள்ளே வந்தது. ஞாயிறு காலை ஆறரைக்கு அது தீர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ராத்திரி பத்து மணி. கீழே விழுந்த ஊசியைத் தேடி மூத்தவள் வெட்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள். அங்கே ஒரு குண்டாவில் இரண்டு கிலோ உளுந்து தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு ஜாக்கெட் துணி போட்டு மூடியிருந்தது.

"என்னம்மா இது?"

டெய்லரக்கா கொக்கி வைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார். "சூடா ஒரு பலகாரம் இல்லாம எல எப்படி போடறது? சம்மந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க? கொஞ்சமாத்தான். பந்திக்கு முன்னாடி அரை மணி நேரம்."

"போன தடவையும் அரை மணி நேரம்னுதான் சொன்னே."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மெஷினும் ஓடவில்லை. இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கு நீதாம்மா மொதல்ல வளையல் போடோணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டெய்லரக்கா எழுந்துபோய் உளுந்துத் தண்ணீரை வடித்தார். வடித்த உளுந்தை டப்பாவில் அடைத்து எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்தனுப்பினார். அமுச்சி தூக்கத்திலேயே, "நனைஞ்ச உளுந்து எங்கயும் போகாது" என்றார்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றியது. முதலில் புளிசாதத்துக்கும் எலுமிச்சைக்கும் உலை. உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து ஆறவைத்தார் வீட்டுக்காரர். கையில் விசிறி. சித்தி கலந்தார். பீரோவிலிருந்து பாட்டில் வந்தது, சாக்பீஸ் டப்பாவிலிருந்து கடலை வந்தது, பத்து நிமிஷத்தில் புளிசாதம் முடிந்தது. புளிப்பு உள்ள இரண்டும் முதலில் ஆனால் குற்றமில்லை, தாங்கும்.

தயிர்ச் சாதம் அமுச்சியின் கை. குழைய வடித்த சோற்றில் 4 லிட்டர் காய்ச்சிய பாலை ஊற்றி மசித்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கரண்டி தயிர், உப்பு. ஏழு மணிக்குக் கலந்து மூடினால் பதினொன்றரைக்கு அப்போதுதான் உறைந்த மாதிரி இருக்கும், புளிக்காது. வண்டிப் பயணத்துக்குக் கண்டுபிடித்த வித்தை. முதலிலேயே நிறையத் தயிரை ஊற்றியிருந்தால் பந்திக்குள் பல் கூசும். இஞ்சி, பச்சை மிளகாய்த் தாளிப்பும் மாதுளை முத்தும் இலைக்குப் போகிற நேரத்தில்.

பொங்கலும் தேங்காய்ச் சாதமும் வேண்டுமென்றே கடைசி. எட்டரைக்கு மேல் கிளறி, ஆவி பறக்கிற சூட்டோடு பெரிய ஹாட்பேக்கில் அடைத்து மூடினார்கள். உருளைக்கிழங்கு வறுவல் இன்னோர் அடுப்பில். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது மூத்தவள் வந்து கேஸைத் திருகி மூடினாள். டெய்லரக்கா குளித்து, புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அந்த ஜாக்கெட்டுக்கு மேல் கொக்கி வைக்க மறந்திருந்தது. ஊருக்கெல்லாம் தைப்பவர் சேஃப்டி பின் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

வேப்பங்காப்பு முதலில். பிறகு கண்ணாடி வளையல். இளையவளின் கன்னத்தில் சந்தனம் பூசும்போது அவர் கை நடுங்கியது. இளையவள் அந்தக் கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோய், "பெருங்காய வாசம்மா" என்றாள். சம்மந்தியம்மா சத்தமாகச் சிரித்தார். பந்தியில் மாப்பிள்ளை வழிப் பெரியவர் ஒருவர் இலையைப் பார்த்துவிட்டு, "வடை வருங்களா?" என்று கேட்கத்தான் செய்தார். டெய்லரக்கா பாதி எழுந்துவிட்டார். "கட்டுச்சோத்துக்கு வடை கெடையாதுங்க. புளிசோறு இன்னொரு கை வெச்சுக்கோங்க" என்றார் அமுச்சி. பெரியவர் மூன்று கை வைத்துக்கொண்டார்.

படங்கள் அன்று சாயந்திரமே போனுக்கு வந்துவிட்டன. வளையல் போடுகிற படத்தில் டெய்லரக்கா நடுவில் இருக்கிறார். முகம் மட்டும் அடுப்படிப் பக்கம் திரும்பியிருக்கிறது. பால் பொங்குகிற மாதிரி சத்தம் கேட்டதாம். அடுப்பில் பாலே இல்லை.

மூத்தவள் ஞாயிறு ராத்திரியே கிளம்பினாள். மிஞ்சிய புளிக்காய்ச்சலைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார் டெய்லரக்கா. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று முறை திருகிப் பார்த்தார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து உளுந்து டப்பா திரும்பி வந்தது. கிரைண்டர் ஓடியது. இளையவள் தையல் ஸ்டூலை அடுப்படிக்குள் இழுத்துப் போட்டு, கை நிறைய வளையலோடு உட்கார்ந்துகொண்டாள். முதல் வடை எண்ணெய்க்குள் இறங்கியது. "சிவக்கட்டும்மா, அவசரமில்ல" என்றாள்.